தாயம்மாவின் பனை

பழம் எதுவானாலும் கொட்டையைக் கீழே போடுகிற பழக்கம் தாயம்மாவுக்கு இல்லை. முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து இதைப் பார்த்துவரும் குணசேகரன், "ஒரு தோப்பே கீது உன் இடுப்புல" என்பான்.

திருவொற்றியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடு. வாசலில் அவளுடைய இட்லிக் கடை. கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள் வெயிலில் நின்றபடி தின்றுவிட்டுப் போவார்கள். அவர்கள் தலைக்கு மேல் ஒரு மரம் வேண்டும் என்று வேம்பு போட்டாள், நாவல் போட்டாள். எல்லாம் முளைத்தன. உப்புக் காற்றிலும் லாரிப் புழுதியிலும் ஒன்றும் நிலைக்கவில்லை. பழவேற்காட்டுக்குப் போன பஸ்ஸிலிருந்து, கடலோரத்தில் பனைகள் சும்மா நிற்பதைப் பார்த்தாள். அன்றிலிருந்து பனைதான் என்று முடிவு செய்துவிட்டாள்.

பெயின்ட் வாளியில் ஊன்றிய கொட்டை மாதக் கணக்கில் தலைகாட்டவில்லை. எதிர் மளிகைக் கடை தங்கபுஷ்பம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. அவளிடம் கேட்டாள்.

"பனை மொதல்ல கீழதாம்க்கா போகும். வாளி எப்படிப் பத்தும்? சுவரோரமா மண்ணைக் குவிச்சு அதுல போடுங்க."

ஆவணியில் பத்திருபது கொட்டைகளை அப்படியே போட்டாள். ஐப்பசி மழையில் குவியல் கொஞ்சம் சரிந்தது. பொங்கலுக்கு முன்னால் வியாசர்பாடியில் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, தங்கபுஷ்பம் ஒரு தட்டு நிறையப் பனங்கிழங்கோடு வந்தாள். மஞ்சள் போட்டு அவித்தது.

தாயம்மா ஒன்றைக் கடித்துக்கொண்டே கேட்டாள். "ஊர்லேந்து வந்துச்சா தங்கம்?"

"ஊரா? ஒங்க குவியல்தாம்க்கா! விட்டா நாராப் போயிரும்னு நானே தோண்டிட்டேன்."

தாயம்மாவின் வாய் நின்றுவிட்டது. குணசேகரன்தான், "மரத்தையே துன்னுக்கினு கீறியே!" என்று சிரித்தான்.

"மரத்துக்கா போட்டீய? எங்க பக்கம் குவிச்சுப் போட்டா கிழங்குக்குத்தானே!" தங்கபுஷ்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

தாயம்மா வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். "அழுவாத. நல்லாத்தான் கீது. வர்ற ஆவணிக்குப் பாத்துக்கலாம்" என்றாள்.

மாசியில் பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சுவரோரம் ஊற்றப் போனவள், அரிவாள் மாதிரி ஒற்றைப் பச்சை இலையைப் பார்த்தாள். புல் என்று பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மழையில் சரிந்த மண்ணோடு உருண்டு போன கொட்டை அது. தங்கபுஷ்பத்தின் கைக்குத் தப்பியிருந்தது.

"இது பெர்சாவறதுக்குள்ள நாம பூடுவோம்" என்றான் குணசேகரன்.

"பூட்டா இன்னா? லாரிக்காரனும் வராம பூடுவானா?"

தங்கபுஷ்பம் அன்றே முள் கொண்டுவந்து சுற்றிக் கட்டினாள்.

இப்போது அது முழங்கால் உயரம். விசிறி மாதிரி இரண்டு ஓலை விட்டிருக்கிறது. அதன் நிழலில் ஒரு பூனைகூடப் படுக்க முடியாது. லாரிக்காரர்கள் வெயிலில் நின்றுதான் இட்லி தின்கிறார்கள். தாயம்மா தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறாள்.