பால் விடாத சொக்கிலேட்

“மிகவும் இலகுவானது” என்று எழுதியிருந்தாள் என் தங்கை. அந்த ஒரு சொல்லுக்காகவே அவளை நேரில் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவள் அப்போது யாழ்ப்பாணத்தில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தாள். அங்கே மனையியல் வகுப்பில் சொக்கிலேட் பட்ஜ் என்று ஒரு இனிப்புச் செய்து காட்டினார்களாம். சீனி, கொக்கோ, பட்டர், ஒரு டின்பால். எல்லாவற்றையும் அடுப்பில் வைத்துக் கிண்டி, தட்டத்தில் ஊற்றி, ஆறியதும் துண்டு போட வேண்டியதுதானாம். கடிதத்தின் ஓரத்தில், இடம் போதாமல் சரித்து, “பாலும் பட்டரும் கூடாதென்றால் தேங்காய்ப்பால் விடலாம்” என்று ஒரு வரி. எவ்வளவு விடுவது, எவ்வளவு நேரம் கிண்டுவது, ஒன்றும் இல்லை. எனக்குத் தேவைப்பட்டதோ அந்த ஓரத்து வரி மட்டும்தான்.

என் இளைய மகளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. வயிறு கொஞ்சம் பொருமும் என்ற கதையல்ல. ஒரு வாய் உள்ளே போனால் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, உதடு வீங்கி, மூச்சு இழுக்கும். முந்திய வருடம் பள்ளிக்கூடத்தில் பால்மாவைக் கரைத்து மாப்பால் கொடுத்தபோது, எல்லாப் பிள்ளைகளும் குடிக்கிறார்களே என்று இவளும் அரைக் கோப்பை குடித்துவிட்டாள். இவர் சைக்கிளை மிதிக்க, நான் பின்னால் கரியரில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டபடியே கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்ட அப்போதிக்கரி, “பால், தயிர், மோர், நெய் ஒண்டும் காட்டக்கூடாது. அடுத்தமுறை இவ்வளவு தூரம் கொண்டு வர நேரம் கிடைக்குமெண்டு நினையாதேங்கோ” என்றார்.

இதை ஊருக்கு விளங்கப்படுத்துவது ஆசுப்பத்திரிக்குப் போனதைவிடப் பெரிய பாடு. நாங்கள் இரணைமடுக் குளத்தின் கீழே காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். நெல் விதைத்தோம், மிளகாய் வைத்தோம், இவளுக்குப் பயந்து மாடு மட்டும் வாங்கவில்லை. சுற்றிவர இருந்தவர்களிடமோ பட்டி பட்டியாக மாடு. “பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளையும் இருக்கே?” என்று வாயில் விரலை வைப்பார்கள். ஒருத்தி கண்ணூறு என்பாள். இன்னொருத்தி, “கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பழக்கு, சரிவரும்” என்பாள். எதைப் பழக்குவது? மூச்சில்லாமல் இருக்கவா?

வாய்க்காலுக்கு அங்கால் இருந்த அக்காதான் எல்லாருக்கும் மேல். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒன்பது பசுக்களையும் தன் கையாலேயே கறப்பார். விடிந்தால் ஒரு செம்புப் பால் எங்கள் குசினிப் படியில் இருக்கும். வேண்டாம் என்றால் கேட்கமாட்டார். “சின்னவளுக்கு ஒத்துக்கொள்ளாதக்கா” என்பேன். “ஓமோம். அது மாப்பாலின்ரை வேலை, பிள்ளை. என்ரை சிவலைப் பசுவின்ரை பால் ஆருக்கும் ஒரு குறையும் செய்யாது. வை, வை” என்பார். மனிசருக்கு எத்தனை தரம்தான் சொல்வது? அந்தப் பாலை மூத்தவளுக்கும் இவருக்கும் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, செம்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி வேறாகக் கவிழ்த்து வைப்பேன்.

அந்த வருடம் கொழும்பிலிருந்து வந்த என் தம்பி பிள்ளைகளுக்கு ஒரு சொக்கிலேட் கொண்டுவந்தான். பால் சேர்ந்தது என்று தெரியாமல் வாங்கிவிட்டான். மூத்தவள் முழுவதையும் தின்றாள். சின்னவள் அதன் ஈயத்தாளை எடுத்து, நகத்தால் தேய்த்து மடிப்பு நீக்கி, வாசிப்புப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். பாடம் படிக்கிறாள் என்று நான் நினைத்திருக்க, அவள் மூக்கைப் புத்தகத்துக்குள் வைத்து அந்தத் தாளை மணந்துகொண்டிருந்தாள். பறித்துக்கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். அவள் தாளைத் திருப்பி வாங்கி மணந்து பார்த்தாள். ஒரு மணமும் இல்லை.

“மணக்கவும் கூடாதோ அம்மா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுத அழுகையில் எனக்கும் அழுகை வந்தது. தை மாதம் அவளுக்கு எட்டு வயது முடிகிறது. அன்றைக்கு அவள் பயமில்லாமல் தின்ன ஒரு சொக்கிலேட் செய்து கொடுப்பதென்று அப்போதே முடிவுகட்டினேன். தங்கைக்குக் கடிதம் எழுதினேன். பதில் கடிதத்தோடு ஒரு சின்ன டின் கொக்கோவையும் அவள் பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள்.

முதல் தரம் கிண்டியபோது அது இறுகவே இல்லை. எங்கள் தென்னம்பிள்ளைகள் அப்போது இடுப்பளவு உயரம்தான். தேங்காய்க்குச் சந்தைக்குப் போக வேண்டும். வாங்கி வந்து, திருவி, பிழிந்து, முதற்பாலில் சீனியும் கொக்கோவும் போட்டுக் கிண்டித் தட்டத்தில் ஊற்றினால், பின்னேரம்வரை அது தட்டத்துக்குள் ஓடி விளையாடியது. இவர் எட்டிப் பார்த்தார்.

“இஞ்சரும், உதுக்கு என்ன பேர் சொன்னனீர்?”

“பட்ஜ்.”

“அப்பிடியே? எங்கடை ஊரிலை பாணியெண்டு சொல்லுறது.”

அடுத்த நாள் காலை பாணோடு தொட்டு முழுவதையும் அவரும் மூத்தவளும் தின்று முடித்தார்கள். சின்னவளும் தொட்டுத் தின்றாள். ஆனால், “இது சொக்கிலேட் இல்லையம்மா, கடிக்கேலாது” என்றாள். சரி, நியாயம்தான்.

இரண்டாம் தரம், விட்டேனா பார் என்று கிண்டினேன். விறகு பச்சை. ஊதி ஊதிக் கண் இரண்டும் மிளகாய்ப்பழம். நல்லாய் இறுகட்டும் என்று இறக்காமல் நின்றதில் அது தாச்சியோடு ஒட்டிக் கல்லாகிவிட்டது. இவர் சுத்தியலை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். “பச்சை விறகைக் கொண்டுவந்து போட்டது ஆர்?” என்று பின்னால் கத்தினேன். “ஆடமாட்டாதவள் கூடம் கோணலெண்டாளாம்” என்று வயலுக்குப் போகிற வழியில் இருந்து குரல் வந்தது. பிள்ளையார் பிடிக்கப் போனவளுக்குக் குரங்காவது மிஞ்சும், எனக்குத் தாச்சியும் போய்விட்டது.

மூன்றாம் தரம் பிறந்தநாள் அன்றே காலையில். கொக்கோ டின்னில் பாதிக்கும் குறைவாகத்தான் கிடந்தது. அக்கா வழக்கம்போலச் செம்போடு வந்து குசினித் திண்ணையில் குந்தினார். தாச்சியும் அவருடையதுதான், முதல் நாளே வாங்கிச் சாம்பல் போட்டு நாலு தரம் தேய்த்துக் கழுவியது. நான் கிண்டிக் கிண்டித் தோள் மூட்டு கழன்று போகிற நேரம், “ஐயோ, மிளகாய்க்குள்ளை மாடு!” என்று மூத்தவள் கத்தினாள். எட்டிப் பார்த்தால் அக்காவின் சிவலைப் பசுதான், வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே நின்று என் மிளகாய்க் கன்றுகளை ஒவ்வொன்றாகச் சுவை பார்க்கிறது.

“நீ போய்க் கலை, பிள்ளை. நான் கிண்டுறன்” என்று அக்கா அகப்பையை வாங்கினார்.

அந்தக் கோதாரி மாடு இலகுவில் வெளிக்கிடவில்லை. அதைக் கலைத்து, வேலிப் பொட்டை முள்ளு வெட்டி அடைத்து, கை கால் கழுவி நான் வந்தபோது அக்கா இறக்கித் தட்டத்தில் ஊற்றிவிட்டிருந்தார். மினுமினுவென்று, கன்னங்கரேலென்று, அப்படி ஒரு பதம். மத்தியானம் கத்தி வைத்தேன். வெட்டின இடம் சுத்தமாக வந்தது. எனக்கு வந்த சந்தோசத்தில் மாட்டையும் மன்னித்தேன், தங்கையையும் மன்னித்தேன்.

சின்னவள் புதுச் சட்டையோடு வந்து நின்றாள். நடுத்துண்டை எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தேன். அவள் உடனே தின்னவில்லை. மணந்துகொண்டு நின்றாள்.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தியே பிள்ளை, எப்பிடி இறுகிக் கிடக்கெண்டு? உந்தத் தேங்காய்ப்பாலுக்கு உப்பிடி வருமே? நீ அங்காலை போன நேரம் நான் அரைச் செம்புப் பால் விட்டனான்.”

சின்னவள் கடிக்க வாயைத் திறந்துவிட்டாள். நான் அடித்த அடியில் துண்டு பறந்துபோய்ச் சுவரில் ஒட்டியது.

“உங்களுக்கு விசரே அக்கா? எத்தினை தரம் சொன்னனான்! என்ரை பிள்ளையைக் கொல்லப் பாத்தியளே!”

வயலில் நின்ற இவருக்கே கேட்டதாம் என் சத்தம். நான் இன்னும் என்னென்னவோ சொன்னேன். மாட்டையும் சேர்த்துத் திட்டினேன்.

“இல்லைப் பிள்ளை... உங்களிட்டை மாடில்லை. சும்மா வாங்கிக் குடிக்க வெக்கத்திலை அப்பிடிச் சொல்லுறாயெண்டுதான் நான்... இஞ்சை ஆரும் வீட்டிலை பால் இல்லையெண்டு வாயாலை சொல்லாயினம். பிள்ளைக்குப் பால் ஆகாதெண்டுதான் சொல்லுவினம்.”

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அரிசி முடிந்தாலும் இல்லை என்று சொல்லாத ஊர் அது. அங்கே நான் ஒன்றரை வருடமாகத் தொண்டை வறளச் சொன்ன உண்மை, மாடில்லாத வீட்டின் சாக்குப்போக்காகவே அந்த மனிசியின் காதில் விழுந்திருக்கிறது. என்ன சொல்லி என்ன? ஒவ்வொரு நாளும் அவர் செம்போடு வந்தது என் மானத்தைக் காப்பாற்றவாம்!

“அம்மா, கை கடிக்குது” என்று சொறிந்தாள் சின்னவள். துண்டு இருந்த உள்ளங்கை சிவந்து, வட்டமாய்த் தடிப்புப் போட்டிருந்தது. அக்கா குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். தொடப் போய், தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து நடந்து போனார். செம்பையும் எடுக்கவில்லை.

சின்னவள் கிணற்றடியில் மூன்று தரம் கை கழுவினாள். ஒவ்வொரு தரமும் கழுவிவிட்டு மணந்து பார்த்தாள். வாய்க்குள் போகவில்லை, அந்த மட்டில் கடவுள் காப்பாற்றினார். ஆனால் பிறந்தநாள் பிறந்தநாளாகவே இல்லை. மூத்தவள்கூட அந்தத் தட்டத்தைத் தொடவில்லை. அக்காவைப் பேசினது பேசினதுதான், சரிதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அவர் கையைப் பின்னுக்கு இழுத்தது என் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்றது. வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. எது கூடுதல் என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த நாள் காலை குசினிக் கதவைத் திறந்தால் படியில் வழக்கமான பால் இல்லை. அக்கா நின்றார். கையில் இரண்டு தேங்காய். புதுத் தாச்சி ஒன்று, பால் காய்ச்சாதது.

“கொக்கோ மிச்சம் கிடக்கே?”

“அடியிலை கொஞ்சம் கிடக்கு. ஏனக்கா?”

“அடுப்பை மூட்டு. அகப்பையை நீயே கழுவித் தா.”

எனக்கு வீம்பு. முகம் கொடுக்காமல் திருவிப் பிழிந்து கொடுத்தேன். அவர் கிண்டினார். காய்ந்த விறகும் அவரே கொண்டுவந்திருந்தார். தண்ணீரில் ஒரு துளி விட்டு, உருட்டிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம்” என்றார். வாய்க்காலுக்கு அங்காலிருந்து மாடுகள் கத்தத் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு எல்லாம். காது கொடுக்க முடியாத கத்தல்.

“அக்கா, மாடெல்லோ கத்துது?”

“கத்தட்டும். இண்டைக்குக் கறக்கேல்லை.”

“ஏன்?”

“கறந்தால் கையிலை பால் பட்டிடும்” என்றார், தாச்சியைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

தட்டத்துக்குத் தேங்காயெண்ணெய் பூசினேன்.

ஒரு சின்னத் தட்டம் அளவுதான் வந்தது. நேற்றைய மினுக்கம் இல்லை. ஓரத்தில் எண்ணெய் கக்கியிருந்தது, நடுவில் கொஞ்சம் தொளதொளப்பு. ஆனாலும் ஐந்து துண்டு போட முடிந்தது. சின்னவள் வந்தாள். தட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அக்காவிடம் போய், அவருடைய வலது கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையை மூக்கில் வைத்து மணந்தாள். இடது கையையும் மணந்தாள். அக்கா பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுகிற பிள்ளைபோல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு இருந்தார்.

அதற்குப் பிறகுதான் ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். மென்றாள். “அந்தத் தாள் மாதிரி மணக்கேல்லை. தேங்காய் மணக்குது” என்றாள். வந்ததே எனக்குக் கோபம்! இரண்டு கிழமையாக நான் பட்ட பாடென்ன, இவள் சொல்கிற பழுதென்ன! வாயைத் திறப்பதற்குள் இரண்டாம் துண்டும் உள்ளே போய்விட்டது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளைக்கு முன்னால் குந்தியிருந்து அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனி அவளுக்கு ஒண்டும் செய்யாதக்கா. நீங்கள் போங்கோ.”

“இரு பிள்ளை, பாப்பம்.”

வெயில் ஏறிக் குசினிக்குள் வந்துவிட்டது. மாடுகள் கத்தின கத்தலில் இவர் வயலிலிருந்து, “அங்கை என்ன நடக்குது?” என்று கூப்பிட்டுக் கேட்டார். அக்கா எழும்பவில்லை. பிள்ளையின் கையைத் திருப்பிப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், மறுபடி உதட்டைப் பார்த்தார். அவள் ஐந்து துண்டும் தின்று முடித்து, விரல்களை நக்கி, கடைசியில் பொறுமை கெட்டுப்போய் முகத்தை அவருக்குக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினாள்.

“எனக்கு ஒண்டும் செய்யேல்லைப் பெரியம்மா. மாடு பாவம், போய்க் கறவுங்கோ.”