மகளின் கோப்பில் இல்லாமல் போன சத்தங்கள்

ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஒலி வடிவமைப்புப் படிப்பைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் இந்தக் கோபம் உள்ளேயே கிடந்து புழுங்கும்.

அந்தக் குளிர்காலத்தில், பாடசாலையில் ஒலி வடிவமைப்பைப் பாடமாக எடுத்திருந்த மகள் எங்கள் சமையலறையில் மா நிறைத்த பைகளை அமுக்கிக்கொண்டிருந்தாள். பனியில் நடக்கும் சத்தம் வேண்டுமாம். வெளியே போய்ப் பதிந்தால் காற்றுத்தான் கேட்கிறது என்றாள். வறுத்த அரிசிமா மணலில் நடப்பது போலக் கேட்டது. கோதுமை மாவில் சத்தமே இல்லை. சோளமாவில்தான் அந்த நறநறப்பு வந்தது. சரிவராத பதிவுகளையும் சேமித்து, ஏன் சரிவரவில்லை என்று கீழே எழுதிவைத்தாள். வருடம் முழுவதும் இப்படிச் சேரும் கோப்பைப் பார்த்துத்தான் பாடசாலையில் புள்ளி போடுவார்கள். அந்தப் புள்ளி இல்லாமல் துரொண்ட்ஹெய்ம் நகரில் அவள் விரும்பிய மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது.

என் அண்ணன் ஒஸ்லோவில் நம்மவர் விழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர். சத்தம் என்றால் தன்னைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்பார். கோப்பைப் பார்த்துச் சிரித்தார்.

“பிழைச்சதை எல்லாம் ஆர் பிள்ளை காட்டுவினம்? அரங்கேற்றத்திலை ஒத்திகையையே ஆடிக் காட்டுறது?”

“நான் எப்பிடிப் பழகினனான் எண்டுதான் பெரியப்பா அவை பாக்கிறவை.”

“தம்பி, உன்ரை மேள் எனக்குச் சவுண்ட் படிப்பிக்கிறாள்!”

பாதுகாப்புக்கு ஒரு பிரதி எடுத்துத் தருவதாகச் சொல்லி மடிக்கணினியை வாங்கிக்கொண்டு போனார். சரிவராத பதிவுகளையும் குறிப்புகளையும் அழித்தார். மிஞ்சியதைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மெருகேற்றி, அவளுடைய கணினியிலிருந்தே பாடசாலைக்குத் தானே அனுப்பியும்விட்டார். எங்களுக்குப் பரிசு தருவதைப் போலத்தான் வந்து சொன்னார்.

ஆசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சத்தங்கள் அழகாக இருக்கின்றன, முதலில் என்னென்ன செய்து பார்த்தாய், காட்டு என்றார். மகளிடம் காட்ட ஒன்றும் இல்லை. அழிந்துபோய்விட்டன என்று மட்டும் சொன்னாள். யோசித்து நாளைக்கு அறிவிப்பதாக ஆசிரியை சொன்னார்.

அங்கிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

“வெள்ளைக்காரர் எங்கடை நிறத்தைப் பாத்துத்தான் இப்பிடிச் செய்யினம்,” என்றார், தேநீரை உறிஞ்சியபடி.

“நிறமில்லை அண்ணை! நீங்கள் அழிச்சது அவள் படிச்ச படிப்பை!”

“ஓ, உனக்கும் வாய் இருக்கே?”

இருக்கிறது. நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிறவன் அன்று தெருவுக்குக் கேட்கக் கத்தினேன். நல்ல சத்தத்தை யாரிடமும் காசு கொடுத்து வாங்கலாம். ஒரு பிள்ளையின் காது ஒரு மாவிலிருந்து அடுத்த மாவுக்கு எப்படிப் போனது என்பதை எங்கே வாங்குவது? அதைக் காட்டத்தான் அந்தக் கோப்பு. நாமோ மேடையில் முடிந்ததற்கு மட்டும் கைதட்டுகிறோம். பிள்ளை தடுமாறிய இடத்தை வீட்டு மானம் போல மூடி மறைக்கிறோம். அண்ணன் இன்றைக்கும் எந்த விழாவிலும் அவள் நன்மைக்குத்தான் செய்தேன் என்று சொல்லித் திரிகிறார். கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள்.

மறுநாள் மத்தியானம் பாடசாலையிலிருந்து செய்தி வந்தது. அந்தப் பாடத்துக்கு மகளுக்குப் புள்ளி போடவில்லை.