கிரீன் கார்டுக்குப் பிறகு வந்த பிஸ்டல்

கிரீன் கார்டு வந்த மாதமே என் கணவர் ஒரு பிஸ்டல் வாங்கினார். விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி கிடைப்பது கஷ்டம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு வெகுநாளாகத் தெரிந்திருக்கிறது, காத்திருந்திருக்கிறார்.

டெக்சாஸில் நாங்கள் இருக்கும் காப்பெல் என்ற ஊரில், எங்கள் தெருவில் யாரோ ஒரு காரின் கண்ணாடியை உடைத்து லேப்டாப்பை எடுத்துப் போயிருந்தார்கள். அன்றிலிருந்து அவருடைய நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சு. எல்லோரும் நம் ஊர் இன்ஜினியர்கள். முன்பெல்லாம் வீட்டு லோன் வட்டியையும் எந்தக் கடையில் முருங்கைக்காய் வந்திருக்கிறது என்பதையும் பேசிக்கொண்டிருந்த குழு அது.

கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியைச் சமையலறை மேடையில், நான் ஆய்ந்துகொண்டிருந்த கொத்தமல்லிக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தார்.

"ஸ்டார்ட்டிங் ரேஞ்ச் மாடல்தான். ஆனா ரிவ்யூ எல்லாம் சூப்பரா இருக்கு." மிக்ஸி வாங்கியவர் பேசுவதுபோலவே இருந்தது.

"லேப்டாப் திருடறவனைச் சுடப்போறீங்களா?"

"வீட்டுக்குள்ள வந்தா சுடலாம்மா. டெக்சாஸ்ல அதுக்கு லா இருக்கு."

சொன்ன விஷயம் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. சொன்னபோது அவர் குரலில் ஒரு ஆசை இருந்தது. யாராவது வந்தால் நன்றாக இருக்கும் என்பதுபோல. கரப்பான் பூச்சியைக்கூட என்னை அடிக்கச் சொல்லும் மனிதர் இவர். கொத்தமல்லியைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். அதை வைத்துச் சட்னி அரைக்க மனம் வரவில்லை.

வீட்டில் துப்பாக்கி இருந்தால் எனக்கும் சுடத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை என்னைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு அழைத்துப் போனார். முன்கூடத்தில் யாருக்கோ பிறந்தநாள். சுட்டுவிட்டு வந்தவர்கள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். குறிபார்த்துச் சுடுவதற்கான காகிதம் வாங்கும் இடத்தில் வட்டம் போட்டதும் இருந்தது, மனித உருவம் போட்டதும் இருந்தது. அவர் யோசிக்காமல் மனித உருவத்தை எடுத்தார்.

உள்ளே காது மூடியையும் தாண்டி ஒவ்வொரு வெடியும் நெஞ்சில் இடித்தது. வெடிமருந்து நாற்றம் தொண்டையில் ஒட்டியது. அந்த மலிவுப் பிஸ்டலின் மேகசினில் தோட்டாக்களை அழுத்தி நிரப்புவதற்குள் என் கட்டைவிரல் நகம் மடங்கிவிட்டது. அவர் சுட்டபோது இரண்டு முறை காலித் தோட்டா வெளியே வராமல் நடுவில் சிக்கி நின்றது. "புதுசுல்ல, செட்டாகணும்," என்றார்.

பிறகு நான். முதல் இரண்டு குண்டுகளும் காகித மனிதனின் நெஞ்சில் பட்டன. "செமம்மா!" என்று அவர் கத்தினார். மூன்றாவதைச் சுட்டதும் துப்பாக்கியிலிருந்து தெறித்த சூடான பித்தளைக் கூடு என் குர்த்தாவின் கழுத்து வழியாக உள்ளே விழுந்தது. தோல் பொசுங்கியது. துள்ளித் திரும்பினேன். துப்பாக்கி கையிலேயே இருந்தது. ரேஞ்சைக் கண்காணிக்கும் ஆள் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே அழுத்தினார். அதற்குள் துப்பாக்கியின் வாய் என் கணவர் நின்ற பக்கமாகத் திரும்பியிருந்தது.

வெளியே வந்து கை கழுவினேன். காரில் ஏறினோம். அவர் சிரித்தார். "நல்லவேளை, என்னைப் போட்டுத் தள்ளியிருப்ப!"

அடுத்த வாரம் நண்பர்கள் குடும்பத்தோடு சாப்பிட வந்தபோது அதையே கதையாகச் சொன்னார். என் காறை எலும்புக்கு மேல் புண் ஆறியிருக்கவில்லை. எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பிரியாணி முடிந்ததும் ஒருவர், "எங்கடா அது, காட்டு," என்றார். கணவர் மாடியில் அலமாரிக்குள் இருந்த பெட்டகத்திலிருந்து எடுத்து வந்தார்.

பிறந்த குழந்தையைக் கைமாற்றுவதுபோல அதைக் கைமாற்றினார்கள். ஒருவர் எடை பார்த்தார், ஒருவர் செல்ஃபி எடுத்தார். மூன்றாமவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு டிவியில் செய்தி வாசித்த பெண்ணின் முகத்துக்கு நேராகக் குறிவைத்து நாக்கால் "டொப்" என்றார். விரல்களில் இன்னும் பிரியாணி நெய் இருந்தது.

"லோட் ஆகல சிஸ்டர், பயப்படாதீங்க," என்றார் என்னிடம்.

பயம் இல்லை எனக்கு. அருவருப்பாக இருந்தது. அவர்கள் மனைவிமார் சிரித்துக்கொண்டே மொபைலில் படம் எடுத்ததும் அருவருப்பாக இருந்தது. அந்த நேரம் பார்த்து என் மகள் தண்ணீர் குடிக்க இறங்கி வந்தாள். பார்த்தாள். "இஸ் தட் ரியல்?" என்று கேட்டாள். அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாள் அவர் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்துத் துப்பாக்கியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த துணி மகளின் பழைய சாக்ஸ். அதே மேஜையில் மதியம் தயிர்சாதம் வைத்தேன். என்னால் சாப்பிட முடியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, மகளோடு படிக்கும் ஒரு பெண்ணை எங்கள் வீட்டுக்கு விளையாட அழைத்தோம். அவளுடைய அம்மா, அமெரிக்கப் பெண்மணி, போன் செய்தார். நான் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். குழந்தைக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்றார். நாய் இருக்கிறதா என்று கேட்டார். அதே குரலில், வீட்டில் துப்பாக்கி ஏதும் இருக்கிறதா, இருந்தால் பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் கணவர் போனருகே குனிந்து, "நோ நோ! வீ ஆர் வெஜிடேரியன்ஸ்!" என்று சொல்லிச் சிரித்தார்.

அடுப்பில் கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

போன் வைத்ததும் கேட்டேன். "ஏன் பொய் சொன்னீங்க?"

"அவங்க நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க? பெட்டகத்துலதான இருக்கு. விடும்மா."

"அன்னைக்கு ஹாலுக்கு வந்துச்சே, அது எப்படி?"

கையில் மாவோடு கராஜுக்குப் போய் அந்த அம்மாவைத் திரும்ப அழைத்தேன். இருக்கிறது, என் கணவர் சொன்னது உண்மை இல்லை, மன்னிக்கணும் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அமைதியாக, எங்கள் வீட்டிலும் இருக்கிறது, அதனால்தான் எல்லோரையும் கேட்கிறேன் என்றார். இருப்பது தனக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று பொய் சொல்பவரின் வீட்டுக்கு மகளை அனுப்ப முடியாது என்றார். பார்க்கில் வேண்டுமானால் விளையாடட்டும்.

திரும்பி வந்து அப்படியே சொன்னேன். கணவருக்கு முகம் கறுத்தது. "என் மானத்தை வாங்கிட்ட. ஒரு வெள்ளைக்காரிகிட்ட என்னைப் பொய்யன் ஆக்கிட்டியே."

"நான் ஆக்கல," என்றேன்.

அதன் பிறகு நாட்கணக்கில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை, அதற்கு முன்பு அப்படி இருந்ததில்லை. மகள்தான் கேட்டாள், அந்தத் தோழி ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று. என்னைக் கேட்கவில்லை, அப்பாவைக் கேட்டாள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அந்த வார இறுதியில் பெட்டியை எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்கே போனார். நானும் போனேன். கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்து, இந்த மாடல் தினம் ஒன்று திரும்பி வருகிறது என்று உதட்டைப் பிதுக்கினார். விற்றுவிட்டோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த விலை கூடிய ஒன்றைக் கணவர் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். நான் காரில் போய் உட்கார்ந்தேன். வெறுங்கையோடு வந்தார்.

இப்போதெல்லாம் மகளை யார் வீட்டுக்கு அனுப்பினாலும் முதலில் போன் செய்து கேட்கிறேன். அமெரிக்கர்கள் உடனே பதில் சொல்லிவிடுகிறார்கள். நம்மவர்களுக்குத்தான் கோபம் வருகிறது. போன மாதம் எங்கள் வீட்டில் டிவியை நோக்கிக் குறிவைத்த நண்பரின் மனைவியைக் கேட்டேன், மகளை அவர்கள் வீட்டுப் பிறந்தநாளுக்கு அழைத்திருந்தார்கள்.

"என்னப்பா இது, எங்களைப் போய் இப்படிக் கேக்கற?"

"சும்மா சொல்லேன். இருக்கா?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அவர் பெட்சைட் டிராயர்ல வெச்சிருக்கார். பூட்டு இல்ல," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ எப்படி விக்க வெச்ச?" என்று கேட்டாள்.