தேன்சிட்டுக் கூட்டுக்கு வெயில் திறந்துவிட்டவர்கள்

ஃபிளாஷ் போடாமல் ஹம்மிங்பேர்டைப் படம் எடுப்பது எப்படி என்று நிறையப் பேர் கேட்டு எழுதுகிறீர்கள். அந்தப் பறவை நம் நாட்டில் கிடையாது ஐயா. நமக்கு வாய்த்தது தேன்சிட்டு. அதை எடுக்கத்தான் பெப்ரவரியில் றக்வானைக்குப் போனேன். இப்போது எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அங்கே பஸ் மாறி, கஹவத்தை வழியாக றக்வானைக்கு இன்னும் இரண்டு மணி நேரம். வளைவுகளில் குடலைப் பிரட்டும், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். டவுனில் ஆட்டோ ஓட்டும் மணி எனக்குப் பழக்கம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் தன் அக்கா சாந்தியின் லயத்து வீட்டு வாசலில், துணி காயப்போடும் கம்பியிலேயே தேன்சிட்டு கூடு கட்டியிருப்பதாகப் போனில் சொன்னவர் அவர்தான். ஆட்டோவுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

கூட்டில் இரண்டு குஞ்சுகள். அவற்றுக்காக அந்த வீட்டில் யாரும் கம்பியைத் தொடுவதில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகூடப் பாறை மேல்தான் காய்கிறது. பக்கத்துப் பாஷன்புருட் கொடி கூட்டின் மேல் படர்ந்து நிழல் தந்தது. காலை ஏழேகாலுக்கு வெயில் மலையைத் தாண்டியதும், இலை இடுக்கால் ஒரு கீற்று கூட்டு வாசலில் விழும். பத்து நிமிடம்தான். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி, இருபது அடி தள்ளி உட்காருங்கள். ஆண் சிட்டு திரும்புகிற ஒரு கணத்தில் தொண்டை ஊதாவாக மின்னும். ஷட்டர் வேகத்தை ஆயிரத்து அறுநூறுக்குக் கீழே இறக்காதீர்கள். முதல் நாள் எனக்கு ஒரு படமும் உருப்படியாக வரவில்லை. நாளைக்கும் வெயில் வரும்தானே என்று மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் வாசலில் ஒரு ஜீப். ஒரு கைடு, பீரங்கி மாதிரி லென்ஸோடு இரண்டு பேர். சாந்தி அக்கா வேலைக்குப் போயிருந்தார். கூரை இறப்பில் செருகியிருந்த, தேயிலைச் செடி வெட்டும் அவருடைய கவ்வாத்துக் கத்தியை எடுத்து, அந்தக் கைடு கொடியை மொட்டையாகச் சீவிவிட்டிருந்தான். கூடு நட்ட வெயிலில் தொங்கியது. லென்ஸ்காரர்கள் இருவரும் படபடவென்று படம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

என்ன காரியம் செய்தாய் என்று பாய்ந்தேன். அவன் சிரித்தான்.

"கூட்டுல கையே வைக்கலீங்களே. ஃபிளாஷும் போடல. எல்லாம் இயற்கை வெளிச்சம்தான்."

இயற்கை வெளிச்சமாம்! கத்தியால் வெட்டி இறக்கிய வெளிச்சம் என்ன இயற்கை? என்னோடு வந்திருந்த மணி தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறித் திட்டினார். அவர்களுக்கு என்ன, வேண்டிய படம் கிடைத்துவிட்டது, ஏறிப் போய்விட்டார்கள்.

பகல் சாப்பாட்டுக்கு வந்த சாந்தி அக்கா வெட்டுண்ட கொடியைப் பார்த்தார். இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக் கூட்டுக்கு மேலே நிழலாகக் கட்டினார். அது காற்றில் அடிக்க, பயந்துபோன தாய்ச்சிட்டு கிட்ட வரவில்லை. அவிழ்த்தால் குஞ்சுகள் வெயிலில் வாயைப் பிளந்தன. கட்டுவதும் அவிழ்ப்பதுமாக அன்றைய பொழுது போனது. அரை நாள் பேரும் அதற்கான கூலியும் அவருக்கு அதிலேயே போயிற்று.

மறுநாள் காலையில் கூடு கிழிந்து கிடந்தது. காக்கை. இலை மறைப்பு இருந்தவரை அதன் கண்ணில் படாத கூடு. வாயில் பூச்சியோடு வந்த தாய், கூட்டு வாசல் இருந்த இடத்தில் சிறகடித்துவிட்டுப் போனது. நான் கேமராவை எடுக்கவில்லை.

சரி, ஆலோசனை. கூட்டுப் பக்கம் போகவே போகாதீர்கள், பூவிடம் போங்கள். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். அப்படியும் வராவிட்டால் கேமராவை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள். கிளையை வெட்டுகிற, வளைத்துக் கட்டுகிற கைடுக்கு ஒரு சதம் கொடுக்காதீர்கள்.

தோட்டத்தின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். புறப்படும்போது சாந்தி அக்கா ஆட்டோ வரைக்கும் வந்தார்.

"தம்பி, உங்க மேல கோவமில்லங்க. ஆனா நீங்களும் இனி வராதீங்க. கேமராவோட வர்றவங்கள்ல நல்லவங்க யாரு, கெட்டவங்க யாருன்னு குஞ்சு செத்த பொறகுதானே எங்களுக்குத் தெரியுது."