சுத்தம் என்று சொல்லிவிட்டேன்

போன வாரம் செமினியில் என் வீட்டில் இணையம் நின்றுவிட்டது. உதவி எண்ணில் பேசிய பெண், "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க அக்கா" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. அதே பாட்டைப் பாடிச் சம்பளம் வாங்கியவள்தானே நானும்!

பெட்டாலிங் ஜெயாவில் டிஜிட்டல் கேமராக்களுக்கான உதவி மையம். என் முதல் வேலை. ரவாங்கிலிருந்து ரயிலில் போய் வருவேன். வேடிக்கை என்னவென்றால், அதுவரை டிஜிட்டல் கேமராவை நான் தொட்டதே இல்லை. லென்ஸ் சிக்கினால் என்ன செய்வது, படம் மங்கினால் என்ன செய்வது, எல்லாம் ஆங்கிலத்தில் ஒரு கோப்பில் இருக்கும். தமிழில் அழைப்பவர்களுக்கு அதைத் தமிழாக்கிச் சொல்ல வேண்டும். அங்கே தமிழ் பேச நான் ஒருத்திதான்.

ஒருநாள் காலை கிள்ளானிலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம்.

"கார்டு எரர்னு வருதும்மா. எங்கக்கா நாகப்பட்டினத்துலேர்ந்து வந்துச்சு, நாப்பது வருஷம் கழிச்சு. இப்ப கெளம்புது. சேந்து ஒரு படம் எடுக்கணும். வேன் வந்துருச்சு லா."

பேட்டரியைக் கழற்றி மாட்டச் சொன்னேன். கார்டைத் துடைத்துப் போடச் சொன்னேன். பலனில்லை. கடைசியாக ஃபார்மட்.

"அப்படின்னா?"

"கார்டைச் சுத்தம் பண்றது அங்கிள்."

கோப்பில் ஃபார்மட்டுக்குக் கீழே தடித்த எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது. அங்கே யாரோ "லேட்டாவுது!" என்று கத்தினார்கள். அந்த வரியை விட்டுவிட்டு, எதை அழுத்துவது என்று மட்டும் சொன்னேன்.

"எரர் போயிருச்சும்மா! நல்லா இரு!"

அன்று மதியம் பெருமையோடு சாப்பிட்டேன்.

மூன்று மணிக்கு மறுபடி அவர்.

"முன்ன எடுத்த படம்லாம் எங்க போச்சும்மா? ஏர்போர்ட்ல அக்கா என்னை அடையாளம் தெரியாம முழிச்சிச்சு, அதக்கூட எடுத்தேன்."

கோப்பை வெறுமனே புரட்டினேன்.

"அழிஞ்சிருச்சு அங்கிள். நான் சொல்லியிருக்கணும்."

"திரும்ப வராதா?" என்றார். கோப்பில் அதற்குப் பக்கம் இல்லை. "வராது" என்றேன்.

"நீ என்னம்மா பண்ணுவ" என்று வைத்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

அழிந்த படங்களை மீட்டுத் தரும் கடைகள் உண்டு என்று, சில மாதம் கழித்து ஒரு டெக்னீஷியன் சொன்னார். கிள்ளான் பெரியவரின் எண்ணை நான் எழுதி வைக்கவில்லை. பிறகெல்லாம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் கேமராவோடு ஒரு பெரியவரைக் கண்டால், அவர் வாய் திறக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன். குரல் தெரியுமே.

அந்த மையத்தை மூடி வெகுகாலமாகிறது. இப்போது யாரும் கழுத்தில் கேமரா மாட்டி வருவதில்லை. யார் பக்கத்தில் போய் நிற்பதென்று தெரியாமல், பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் தோசையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறேன்.