பூனா போய்த் திரும்பணும்

பூந்தமல்லிக்கு ரயில் கிடையாது. ஆனாலும் எந்த ஊரிலிருந்தும் பூந்தமல்லிக்கு என்று சாமான் போட்டு ரசீது வாங்கலாம். ஆவடி ஸ்டேஷனில் இறங்குவதை எங்கள் கம்பெனி மாட்டு வண்டியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்து சேர்க்கும். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கொட்டகை, இரண்டு வண்டி, ஒரு முதலாளி, அவர் முன்னால் வாயைத் திறக்காத நான். அவர் இல்லாத நேரத்தில் வாயைத் திறப்பதுதான் என் உத்தியோகம். "சாமான் வந்துச்சா?" என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அது சண்டைக் காலம். ரயில் எல்லாம் பட்டாளத்துக்கென்றே ஓடியது. மற்றவர்கள் சாமான் எந்த ஸ்டேஷனில் எந்த மூலையில் கிடக்கிறது என்று கடவுளுக்கே தெரியாதபோது எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் எதிரே நிற்கிற மனிதரிடம் "தெரியாது" என்று சொல்ல எனக்கு வராது. சொன்னால் கத்துவார்கள். யாராவது கத்தினால் நான் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். பயந்தாங்கொள்ளி என்று முதலாளி சொல்வார், சரியாகத்தான் சொன்னார்.

நல்லவேளையாக எனக்குப் பூனா இருந்தது. பூந்தமல்லியை இங்கிலீஷில் எழுதினால் முன்பாதி பூனாதான். மூட்டையில் ஒட்டின விலாசச் சீட்டின் ஓரம் கிழிந்தாலோ, எழுதினவன் அவசரக்காரனாக இருந்தாலோ, மூட்டை பம்பாய்ப் பக்கம் பூனாவுக்குப் போய்விடும். அங்கே இருக்கிறவர்கள் பார்த்து, நாலு திட்டுத் திட்டி, திருப்பி அனுப்புவார்கள். நிஜமாகவே அப்படிப் போனது எனக்குத் தெரிந்து இரண்டு மூன்று தடவைதான். நான் சொன்னதற்குக் கணக்கே இல்லை. எது தாமதமானாலும், "பூனா போய்த் திரும்பணும்" என்பேன். கேட்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். கடைத்தெருவில் யாருடைய ஆடு காணாமல் போனாலும் "பூனா போயிருக்கும் மாமே" என்று கேலி பேசும் அளவுக்கு அது பரவியது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பக்கத்துக் கிராமமான நூம்பலிலிருந்து அந்தப் பெண் வந்தது ஒரு வியாழக்கிழமை. இருபத்தைந்து வயது இருக்கும், கழனி வேலை செய்கிறவள். புருஷன் பட்டாளத்தில் சமையல் வேலைக்குச் சேர்ந்தவன். கப்பலில் ஏற்றப் போகிறார்கள் என்றதும் தன் தகரப் பெட்டியை ஊருக்கு ரயிலில் போட்டுவிட்டு ரசீதைத் தபாலில் அனுப்பியிருந்தான். ரசீதை வாங்கிப் பார்த்தேன்.

"இன்னும் வர்லம்மா. பூனா போய்த் திரும்பணும்."

"பூனாவா? அது எங்க கீது ஐயா?"

"தூரம். ஆனா பத்திரமான ஊரு. ஒண்ணும் ஆவாது."

பத்திரமான ஊர் என்று சொல்லச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. அவள் முகம் வாடியிருந்தது, அதனால் சொன்னேன்.

அதன் பிறகு வியாழக்கிழமை தவறாமல் வந்தாள். ரசீதை மறுபடி காட்டவில்லை. வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் வர்லியா ஐயா?" என்பாள். "வர்லம்மா. பூனா போய்த் திரும்பணும்" என்பேன். தலையை ஆட்டிவிட்டு நடந்தே நூம்பலுக்குத் திரும்பிவிடுவாள். கத்த மாட்டாள், வாதாட மாட்டாள். இப்படி எல்லாரும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு தடவை, "அங்க மழையா ஐயா?" என்று கேட்டாள். தகரம் துருப்பிடித்துவிடுமோ என்று கவலைப்படுகிறாள் என நினைத்தேன்.

"மழ பெய்யும்தான். கூரைக்கு அடியிலதான் வெச்சிருப்பாங்க."

இன்னொரு தடவை வியாழன் அல்லாத ஒரு நாளில் ஓடி வந்தாள். மூச்சு இரைத்தது. "நெசமா பூனாதானே? கடல் பக்கம் இல்லியே?" என்றாள். கடலுக்கும் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கலாம். அன்றைக்கு வாசலில் நாலு வியாபாரிகள் நின்றார்கள். அவளைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்பதுதான் என் அவசரம்.

"அங்க கடலே இல்லம்மா. சத்தியமா."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்த வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. இன்னமும் வீட்டில் யாராவது "பால் வரலையா?" என்று கேட்டால் போதும், வாசலில் யாரோ கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றும். எங்கள் வீட்டு வாசலில் கம்பமே இல்லை. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் உட்காருவேன். வீட்டில் என்னைக் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

அவள் முதல் தடவை வந்ததிலிருந்து நாலு மாதம் கழித்துப் பெட்டி வந்தது. அதன் பக்கவாட்டில் சுண்ணாம்புக் கட்டியால் பூனா என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. என் பொய் நிஜமாகிவிட்டதே என்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். நூம்பல் வழியாகப் போகிற வண்டிக்காரனைக் கூப்பிட்டு, "அந்தம்மா கிட்ட, பூனாலருந்து வந்தாச்சுன்னு சொல்லு" என்றேன். "சரி அண்ணாத்தே" என்று போனான்.

சாயங்காலத்துக்குள் வந்துவிட்டாள். முகத்தில் மஞ்சள், தலை நிறையப் பூ. கையில் துணி போட்டு மூடிய பாத்திரம். மீன் குழம்பு வாசனை வந்தது. பின்னால் அவள் கொழுந்தன், தலை குனிந்தபடி. என்னைத் தாண்டிக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எங்க ஐயா?"

பெட்டியைத் தூக்கி பெஞ்சின்மேல் வைத்து, "இதோ" என்றேன். அவள் பெட்டிக்குப் பின்னால் பார்த்தாள்.

"அவுரு எங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கொழுந்தன்தான் பேசினான். "ரெண்டு மாசம் முன்னாடி பட்டாளத்துலருந்து காயிதம் வந்துச்சி ஐயா. கப்பல் முழுகிப் போச்சாம், அண்ணனக் காணமாம். காரியம் பண்ணிடலாம்னு பெரியவங்க சொன்னாங்க. அண்ணி ஒத்துக்கல. கம்பெனில சொல்றாங்க, பூனா போய்த் திரும்பணுமாம், கூரைக்கு அடியில வெச்சிருக்காங்களாம், கடலே இல்லன்னு சத்தியம் பண்ணாங்கன்னு சொல்லிச்சி. ஆபீசுல சொன்னா நெசமாத்தான் இருக்கும்னு நாங்களும் தாலியில கை வெக்கல."

"நான் பெட்டியத்தாம்மா சொன்னேன்" என்றேன்.

"நான் என்னிக்கி ஐயா பெட்டிய கேட்டேன்?"

உண்மைதான். முதல் நாள் ரசீதைக் காட்டியதோடு சரி, அவள் வாயிலிருந்து பெட்டி என்ற சொல்லே வரவில்லை. நம் பேச்சில் 'வரல' என்றால் ஆளுக்கும் அதுதான், தகரத்துக்கும் அதுதான். அவள் ஒன்றைக் கேட்டாள். நான் இன்னொன்றுக்குப் பதில் சொன்னேன், அதுவும் தெரியாமலே. பட்டாளம், கப்பல், ரயில், எங்கள் கொட்டகை எல்லாம் அவளுக்கு ஒரே சர்க்கார். அப்படி இல்லை என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

என்ன செய்வதென்று தெரியாமல் பட்டுவாடா நோட்டைப் பிரித்தேன். "கைநாட்டு வெக்கணும்மா" என்றேன். அந்த நேரத்திலும் எனக்குத் தெரிந்தது அதுதான்.

"இன்னா எழுதிகீது அதுல?"

"பெட்டி வந்து சேர்ந்துச்சின்னு."

"ஆளு வர்லன்னும் எழுது."

"அண்ணி, ஊட்டுக்குப் போலாம் வா" என்றான் கொழுந்தன்.

அவள் அசையவில்லை. "பட்டாளத்துக் காயிதத்த நான் நம்பல. நீ சொன்னத நம்பினேன். நீயே எழுது." முதல் தடவையாக என்னை நீ என்றாள்.

எழுதினேன். பெட்டி வந்தது. ஆள் வரவில்லை. படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. கட்டை விரலை மையில் தோய்த்து, இரண்டாவது வரிக்குக் கீழே அழுத்தினாள். கொழுந்தன் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வாசலுக்குப் போய், திரும்பிப் பார்த்து அவளைக் கூப்பிட்டான். அவள் நோட்டிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.