கோழிக்குக் கிடைத்த செகண்ட் தாட்

எங்கள் அப்பா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. போர்ட் பிளேரில் ஓர் ஆபீசில் பியூனாக இருந்தார். ஆனால் கஷ்டமான முடிவு ஒன்று எடுக்க வேண்டும் என்று வந்துவிட்டால் அவருக்கு இங்கிலீஷ்தான் வரும். யாரை எந்தத் தீவுக்கு மாற்றுவது என்று ஆபீசர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் அறைக்கு டீ கொண்டுபோகிறவர் அல்லவா? அங்கே காதில் விழுந்ததையெல்லாம் சாயங்காலம் படகேறி பாம்பூஃப்ளாட்டுக்கு, எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

கூரைக்குத் தகரம் போடுவதா, ஓலையே போதுமா என்று அம்மா கேட்டால் "டிஃபிகல்ட் சாய்ஸ்" என்பார். முட்டையிடாத கோழியை என்ன செய்வது என்றால் "வெய் தி ஆப்ஷன்ஸ்" என்று சொல்லி, கோழியைக் கையில் தூக்கிப் பார்ப்பார். தூக்கினால் போதும், எடையைச் சரியாகச் சொல்லிவிடுவார். "ஃபைனல் டிசிஷன்" வந்துவிட்டால் கோழி குழம்புதான். அதற்குப் பிறகும் எப்போதாவது "செகண்ட் தாட்" என்று ஒன்று வரும். அன்றைக்குக் கோழி பிழைத்துக்கொள்ளும். ஓர் எழுத்தும் தெரியாத அந்த வயதிலேயே, எந்த வார்த்தை வந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு அத்துபடி. அம்மா மட்டும் அந்த இங்கிலீஷ் வார்த்தைகளில் ஒன்றைக்கூட வாயில் எடுக்க மாட்டாள்.

எனக்கு எட்டு வயதாகும்போது, திருநெல்வேலியிலிருந்து அப்பாவின் அக்கா கப்பலேறி வந்தாள். பிள்ளை இல்லாதவள். ஒரு மாதம் இருந்துவிட்டு, திரும்பும்போது என்னையும் கூட்டிப்போய் கான்வெண்டில் சேர்ப்பதாகச் சொன்னாள். இங்கே கிடந்தால் பிள்ளை இந்தியில் சண்டை போடவும் மீன் ஆயவும்தான் கற்றுக்கொள்ளும் என்றாள். இரண்டிலும் நான் கெட்டிக்காரி என்பது உண்மைதான்.

அத்தை நல்லவள். ஆனால் மெயின்லேண்ட் என்ன, நினைத்தபோது வந்துபோகிற இடமா? திரும்பி எப்போது வருவேன் என்று யாரும் சொல்லவில்லை.

அப்பா "டிஃபிகல்ட் சாய்ஸ்" என்றார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். ஒரு வாரம் ஆப்ஷன்களை எடை போட்டார். பிறகு ஒருநாள் சாப்பாட்டில் கை வைத்தபடியே "ஃபைனல் டிசிஷன்" என்றார். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். எனக்குக் கோழிகளின் ஞாபகம் வந்தது.

அம்மா அழவில்லை. தகரப் பெட்டியில் என் சாமான்களைத் தனியாக உட்கார்ந்து அடுக்கி, பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கப்பல் புறப்படும் நாளில் அப்பா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார். படகில் சாத்தம் துறைக்கு வந்து, கப்பல் நின்ற ஜெட்டிக்கு நடந்தோம். வழக்கம்போல ஏறுகிறவர்களைவிட வழியனுப்ப வந்தவர்கள்தான் அதிகம். கேட்டில் நின்றவர் "ஜல்தி கரோ, ஜல்தி கரோ" என்று விரட்டிக்கொண்டிருந்தார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வர வேண்டிய வார்த்தை வரவில்லை. அத்தை டிக்கெட்டை எடுத்து நீட்டப் போனாள்.

அப்போதுதான் அம்மா பேசினாள். "ஏங்க, கோழிக்கெல்லாம் ஒரு செகண்ட் தாட் வச்சிருந்தீங்களே. எம் பிள்ளைக்குக் கிடையாதா?"

அம்மா வாயில் இங்கிலீஷ் வந்து நாங்கள் கேட்டது அந்த ஒரு தடவைதான். அப்பா பெட்டியைத் தலையிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு, "அக்கா, இவ இங்கயே இருக்கட்டும்" என்றார். அதில் ஓர் இங்கிலீஷ் வார்த்தைகூட இல்லை.

அத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "ஏலே, இதச் சொல்லவா கப்பலடி வரைக்கும் கூட்டிட்டு வந்த? வீட்லயே சொல்லியிருந்தா இவ பெட்டிக்குப் பதிலா இன்னும் பத்துத் தேங்கா கட்டிட்டு வந்திருப்பம்லா" என்றாள். என் கன்னத்தை அழுத்திக் கிள்ளிவிட்டுத் தனியாகப் போய் ஏறினாள்.

திரும்புகிற படகில், கப்பலுக்கென்று கட்டிய புளிச்சோறு முழுவதையும் நானே தின்றேன். அத்தனை ருசியாக அதற்குப் பிறகு எதையும் தின்றதில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா பெட்டியைத் திறந்தாள். மேலே இரண்டு கவுன். கீழே ஒன்றுமே இல்லை. என் மற்ற துணிகளெல்லாம் கொடியில் தொங்கியபடியே இருந்தன. அவசரத்தில் அம்மா மறந்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். திரும்ப எடுத்து வைக்கிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

கான்வெண்ட் போயிருந்தால் இதை வேகமாக எழுதியிருப்பேனோ என்னவோ. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் என் கையால் எழுதுகிறேன்.

பெட்டியைக் கட்டிய அன்றைக்கே அம்மா முடிவெடுத்துவிட்டாள் என்பது, நான் பிள்ளை பெற்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது. இன்னொன்று புரிய அதற்கும் மேலே வருஷங்கள் ஆயின. அந்தப் பெட்டியை வீட்டிலிருந்து கப்பல் வரைக்கும் தலையில் சுமந்து வந்தவர் அப்பா.

கோழியைக் கையில் தூக்கியே எடை சொல்கிறவர்.